ஜூன் ஃபோரே: ரேடியோவிலிருந்து கார்ட்டூனுக்கு வந்த குரல். நம்ம வேலூர்ப் பிள்ளைங்க எதை எடுத்துக்கலாம்?

சத்துவாச்சாரி மீனா

கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கணும்னு ஆசைப்படுற 12 வயசுப் பொண்ணு ஒருத்திக்காக இந்த இழை. யாரைக் கேட்டாலும் "மிமிக்ரி கிளாஸ்ல சேத்து விடுங்க"ன்றாங்க. பழைய ரேடியோ சார் வேற ஒரு இழையில ஜூன் ஃபோரே பேரைப் போட்டு, "அவங்க ஆரம்ப காலத்தைப் பாத்தாலே எதைப் பழகணும்னு தெரிஞ்சிடும்"னு ஒத்த வரியில முடிச்சிட்டார். கொஞ்சம் விரிச்சு எழுதுங்க சார். மத்தவங்களும் கைக்கு உதவுற விஷயமாப் போடுங்க. வேலூர்ல வீட்லயே எதைச் செய்யலாம், எதுக்கு மெட்ராஸ் போயே ஆகணும், ரெண்டும் தெரியணும்.

பழைய ரேடியோ

சரிம்மா. 1917 செப்டம்பர் 18, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு ஊர். பொறந்தப்ப பேர் ஜூன் லூசில் ஃபோரர். சின்ன வயசுல ஆசை நடனத்து மேல. நிமோனியா வந்து அது நின்னுபோச்சு. 12 வயசுல உள்ளூர் ரேடியோ நாடகம் ஒண்ணுல முதல் தடவை குரல் ஒலிபரப்பாச்சு. 15 வயசுல தொடர்ந்து ரேடியோ வேலை. பள்ளிக்கூடம் முடிச்ச சமயம் அப்பாவுக்குப் பணக் கஷ்டம். குடும்பத்தோட லாஸ் ஏஞ்சலஸ் போய்ட்டாங்க, தாய்மாமன் அங்க இருந்தார்.

போனதும் கார்ட்டூன் கிடைக்கல. 1930-களோட கடைசியில 'லேடி மேக் பிலீவ்'னு தனக்கே ஒரு ரேடியோ தொடர். அப்புறம் பெரிய நெட்வொர்க் நாடகங்கள். 1940-கள்ல ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில பூனைக்கும் குரல், பேசுற பியானோவுக்கும் குரல். பிறகு கேபிடல் கம்பெனியோட குழந்தைகள் இசைத்தட்டுகள், ஸ்டான் ஃப்ரீபெர்க், டாஸ் பட்லர்ங்கிற குரல் நடிகர்களோட சேர்ந்து. டிஸ்னியோட 'சிண்ட்ரெல்லா' 1950-ல வந்தது. அதுல லூசிஃபர்ங்கிற பூனைக்குச் சத்தம் குடுத்தது இவங்கதான். 12 வயசுலேர்ந்து எண்ணிப் பாருங்க, கிட்டத்தட்ட 20 வருஷம் ரேடியோ. அதுக்கப்புறம்தான் உலகத்துக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம்.

அந்தக் கால ரேடியோ நேரலை. திருப்பி எடுக்கிறதுன்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவோட ரெண்டு கரைக்கும் நேர வித்தியாசம் மூணு மணி நேரம். அதனால பெரிய நிகழ்ச்சிகளை ஒரே ராத்திரியில ரெண்டு தடவை நடிப்பாங்க. வசனத் தாளைப் பின் அடிக்க மாட்டாங்க, தாள் சரசரத்தா மைக் பிடிச்சிடும். படிச்சு முடிச்ச தாளை ஓசைப்படாம கீழ நழுவ விடணும், கண்ணு அடுத்த தாள்ல, வாய் இந்த வரியில. ஒரு மைக்கைச் சுத்தி நாலு பேர். ரகசியம் பேசுறவர் கிட்ட வருவார், கத்துறவர் ரெண்டடி பின்னால போய் முகத்தைத் திருப்புவார். இந்தப் பழக்கம்தான் அவங்க மூலதனம். மிமிக்ரி இல்ல.

காட்பாடி பாலா

இன்னா சார், பூனை, கிழவி, சூனியக்காரி, அணில்னு அத்தனையும் பேசுனவங்களை மிமிக்ரி இல்லன்றீங்க? குரல் மாத்தத் தெரியாம கார்ட்டூன்ல இன்னா பண்றது?

டப்பிங் நாற்காலி

பாலா, குரல் மாத்தத் தெரியணும். மாத்தின குரல்ல அரை மணி நேரம் நிக்கத் தெரியணும். ரெண்டாவது இல்லாதவங்கதான் நிறைய.

குரல் தேர்வு எப்படி நடக்கும்னு சொல்றேன். படத்தைக் காட்டி, "இந்த முயலுக்கு ஒரு குரல் போடு"ன்னு சொல்வாங்க. முதல் வரி எல்லாருக்கும் நல்லா வரும். உடனே இயக்குநர் கேப்பார்: அதே முயல் ஓடிக்கிட்டே பேசட்டும். வாயில கேரட்டோட பேசட்டும். அழுகையை அடக்கிக்கிட்டுப் பேசட்டும். பொய் சொல்லட்டும். மிமிக்ரி பழகினவங்க அஞ்சாவது வரியில சொந்தக் குரலுக்கு நழுவிடுவாங்க. ஏன்னா அவங்க பழகுனது ஒரு சத்தத்தை, ஒரு ஆளை இல்ல. இன்னொண்ணு, மிமிக்ரியில ஏற்கெனவே இருக்கிற குரலைப் பிடிக்கணும். புதுப் பாத்திரத்துக்குப் பிடிக்கிறதுக்கு ஒண்ணுமே கிடையாது.

ஒரு குரலைக் கட்டுறப்ப முதல்ல சுருதியில கைவைக்காதீங்க. கடைசியா வைங்க. முதல்ல வேகம்: இந்த ஆள் யோசிச்சுப் பேசுறவரா, வாய் முந்துறவரா. அடுத்து மூச்சு: எங்க எடுப்பார், வரி முடியுமுன்ன மூச்சு தீந்துடுமா. அடுத்து சத்தம் எங்க நின்னு வருது: மூக்கா, முன் பல்லா, அடித்தொண்டையா, நெஞ்சா. அடுத்து வாயோட வடிவம். கீழ்த்தாடையை லேசா முன்னுக்குத் தள்ளினாலே ஒரு ஆள் வந்துடுவார், உதட்டை உள்ளுக்கு மடிச்சா பல்லு போன கிழவி. இதெல்லாம் வச்ச பிறகு, தேவைன்னா சுருதியை அரைப்படி ஏத்துங்க, இறக்குங்க. சுருதியிலேயே ஆரம்பிச்சா எல்லாப் பாத்திரமும் "கீச்சுக் குரல்", "கட்டைக் குரல்"னு ரெண்டே ரகமாப் போய்டும். தொண்டையும் சீக்கிரம் கட்டிக்கும்.

பழைய ரேடியோ

நாற்காலி சொன்னதுக்கு உதாரணம் ஃபோரேகிட்டயே இருக்கு. 1959 நவம்பர்ல ஆரம்பிச்ச, ஜே வார்டுங்கிற தயாரிப்பாளரோட கார்ட்டூன் தொடர்ல பறக்கும் அணில் ராக்கி இவங்க. அதே கதையில ராக்கியைத் தொரத்துற உளவுக்காரி நடாஷாவும் இவங்கதான். ஒரு குரல் முன் பல்லுல, பளிச்சுனு, ஆர்வத்துல வரியோட நுனி மேல ஏறும். இன்னொண்ணு அடித்தொண்டையில, இழுத்து, அலட்சியமா. கூட பில் ஸ்காட், பால் ஃப்ரீஸ் நின்னு பேசினாங்க. ரேடியோ நாடகம் பழகினவங்களுக்கு இது வீட்டுப் பாடம் மாதிரி.

சூனியக்காரி ஹேசலை டிஸ்னிக்கு 1952-ல பேசினாங்க. அப்புறம் வார்னர் கம்பெனியில இயக்குநர் சக் ஜோன்ஸும் ஹேசல்னு ஒரு சூனியக்காரியைக் கொண்டு வந்தார். 1954-ல அதுக்கு முதல் குரல் பீ பெனடெரெட்ங்கிற நடிகை. 1956 படத்துலேர்ந்து ஃபோரே. டுவீட்டிங்கிற குருவி வர்ற கார்ட்டூன்ல பாட்டிக்கும் அதே கதை, பெனடெரெட் விட்ட இடத்துல இவங்க. ஆனா 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரோட முன்னோட்டப் படத்துல பெட்டிங்கிற பொம்பளைப் பாத்திரத்துக்குப் பேசினது ஃபோரே, தொடர் வந்தப்ப அந்த வேலை பெனடெரெட்டுக்குப் போச்சு. ஒரு வாய்ப்பு போறதும் வர்றதும் இந்தத் தொழில்ல அவ்ளோ சாதாரணம்.

பேர் விஷயமும் சொல்லணும். வார்னர் கார்ட்டூன்கள்ல மெல் பிளாங்க்ங்கிற குரல் நடிகரோட ஒப்பந்தத்தால திரையில குரல்னு போட்டது பெரும்பாலும் அவர் பேர் மட்டும். ஃபோரே பேசின பல படத்துல அவங்க பேரே இருக்காது. இன்னிக்கும் டப்பிங்ல பேர் வரும்னு நம்பி இறங்காதீங்க.

காட்பாடி பாலா

ராக்கி பையன் அணில் தானே? பையன் குரலுக்கு ஏன் பொம்பளையைப் போடுறாங்க?

பழைய ரேடியோ

பையனைப் போட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துல குரல் உடைஞ்சிடும், தொடர் பாதியில நிக்கும். சின்னப் பிள்ளையை எத்தனை மணி நேரம் வேணா உக்கார வைக்கவும் முடியாது. நான்சி கார்ட்ரைட்ங்கிற நடிகை 1987-லேர்ந்து பார்ட் சிம்ப்சன்ங்கிற கார்ட்டூன் பையனுக்குப் பேசுறாங்க. பார்ட்டுக்கு 10 வயசு அப்படியே இருக்கு.

கார்ட்ரைட்டோட ஆரம்பம் மீனாம்மாவுக்கு நேரடியா உதவும். ஒஹையோவுல டேட்டன் பக்கத்துப் பொண்ணு. ஃபோரேயோட சகா டாஸ் பட்லரோட போன் நம்பரைப் பிடிச்சு, அவர் வீட்டு போன்ல செய்தி பதியுற மெஷின்ல காக்னி உச்சரிப்புல, அதாவது லண்டன் தெருப் பேச்சுல, பேசி விட்டாங்க. அவர் திருப்பிக் கூப்பிட்டு, வசனத்தைத் தபால்ல அனுப்பினார். இவங்க டேப்புல பேசி அனுப்பணும், அவர் குறிப்பு எழுதி அனுப்புவார். சில வாரத்துக்கு ஒரு வசனம், ஒரு வருஷம் இப்படியே ஓடுச்சு. அப்புறம்தான் 1978-ல கல்லூரியை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாத்திக்கிட்டுப் போனாங்க. பார்ட்டோட தங்கச்சி லிசாவுக்குன்னு தேர்வுக்குப் போய், பார்ட்டோட குறிப்பைப் படிச்சுட்டு அதைக் கேட்டு வாங்கினதெல்லாம் பின்னால. முதல் வருஷம் முழுக்க ஊர்லயே இருந்துதான் கத்துக்கிட்டாங்க.

ஆரணி அடவு

மிமிக்ரி கிளாஸுக்குக் குடுக்கிற காசை மிச்சப்படுத்தி, பங்குனி சித்திரையில நம்ம பக்கம் நடக்கிற பாரதக் கூத்துக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கம்மா. ஆரணி, செய்யாறு, போளூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்ல எல்லாம் நடக்கும். பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து.

பாக்க வேண்டியது கட்டியங்காரனை, கூத்துல வர்ற கோமாளியை. ராஜாகிட்ட பேசுறப்ப ஒரு குரல், அதே மூச்சுல நம்ம பக்கம் திரும்பிக் கேலி பண்றப்ப இன்னொரு குரல், நடுவுல ராஜா பேசுனதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுறப்ப மூணாவது. மூணுக்கும் உடம்பு மாறும், அதுக்கப்புறம்தான் குரல் மாறும். நாற்காலி சொன்ன வரிசை அப்படியே அங்க கண்ணால பாக்கலாம். வேஷம் திரைக்குப் பின்னாலேர்ந்து பாடும், ஆளைப் பாக்குறதுக்கு முன்னாலயே அது துரியோதனனா, துச்சாதனனான்னு ஜனத்துக்குத் தெரிஞ்சிடும். கார்ட்டூன் குரலுக்கு இதைவிடப் பாடம் எங்க கிடைக்கும்?

டப்பிங் நாற்காலி

அண்ணே, பாக்கட்டும், ஒத்துக்கிறேன். ஆனா கூத்துத் தொண்டையை மைக் முன்னால கொண்டு வந்துடாதீங்க. அது திடல்ல கடைசி வரிசை வரைக்கும் எட்டணும்னு உச்சத்துல திறந்த தொண்டை. மைக் ஒரு சாண் தூரத்துல இருக்கு. அங்கயும் அதே பலத்தோட பேசினா சத்தம் கிழியும், மெல்லிசான உணர்ச்சி ஒண்ணும் பதியாது. கூத்துலேர்ந்து உடம்பையும் டைமிங்கையும் எடுத்துக்கட்டும், சத்த அளவை விட்டுடட்டும். 12 வயசுத் தொண்டைக்கு அந்த உச்சம் ஆகவும் ஆகாது.

ஆரணி அடவு

உச்சம் தெரியாதவன் அடக்கி என்னத்தைப் பேசுவான் தம்பி? எங்க ஆளுங்க விடிய விடியப் பாடிட்டு மறுநாள் பகல்ல படுகளத்துக்கும் நிக்கிறாங்க. மூச்சை அடிவயித்துலேர்ந்து எடுக்கிறவனுக்குத் தொண்டை போகாது. பொண்ணைப் பாடச் சொல்லல, அந்த மூச்சைப் பழகச் சொல்றேன். மல்லாந்து படுத்து வயித்து மேல ஒரு புத்தகம் வச்சு, மூச்சு இழுக்கிறப்ப புத்தகம் மேல வரணும், தோள் அசையக் கூடாது. விடுறப்ப "ஸ்ஸ்"னு ஒரே சீரா 15 விநாடி. நாளாக ஆக 25, 30 வரைக்கும் போகலாம்.

டப்பிங் நாற்காலி

அது சரி, அந்தப் பயிற்சி வேணும்.

தினமும் செய்ய வேண்டியதைச் சேர்த்துச் சொல்லிடறேன். காலையில உதட்டை "ப்ர்ர்"னு அதிர வைக்கிறது, வாயை மூடி "ம்ம்"னு முனகுறது, கீழ் சுருதியிலேர்ந்து மேல வரைக்கும் சங்கு ஊதுற மாதிரி வழுக்கிட்டுப் போறது, எல்லாம் சேர்ந்து அஞ்சு பத்து நிமிஷம் போதும். பிறகு முன்கூட்டிப் படிக்காத பக்கம் ஒண்ணை வாய்விட்டுப் படிக்கணும். தினத்தந்தியோ, அம்புலிமாமா பழைய தொகுப்போ, எதுவா இருந்தாலும் சரி. தடுக்கினா நிக்கக் கூடாது, வரியை முடிச்சிட்டுத்தான் அடுத்தது. நேரலை ரேடியோ ஃபோரேவுக்குக் குடுத்தது இந்தப் பழக்கத்தைத்தான். ஸ்டூடியோவுல வசனம் கைக்கு வர்றது மைக் முன்னால நின்ன பிறகுதான், வீட்டுக்கு முன்கூட்டி யாரும் அனுப்ப மாட்டாங்க.

உச்சரிப்பு: வடாற்காடு, மெட்ராஸ் பக்கம் பழம் "பயம்" ஆகும், மழை "மயை" ஆகும். நாயகி, கதை சொல்லி இந்த மாதிரி வேஷத்துக்கு இது தேர்வுல முதல் வரியிலயே அடிபடும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்"னு முதல்ல எழுத்துக் கூட்டி மெதுவா, நாக்கு நுனி உள்ளுக்கு மடங்குதான்னு கண்ணாடியில பாத்துக்கிட்டு. வேகம் அப்புறம் தானா வரும். அதுக்காக ஊர்ப் பேச்சை அழிச்சிடாதீங்க. "இன்னாபா, இட்டுகினு வா"ன்னு இயல்பாப் பேசத் தெரிஞ்ச பிள்ளைக்குக் காமெடி வேஷம் தனியாக் கிடைக்கும். நடாஷாவும் ஒரு உச்சரிப்பு மேல நின்ன பாத்திரம்தானே.

சத்தம் போட வேண்டிய காட்சி, அடி வாங்குற "ஆ", மாடியிலேர்ந்து விழுறது, சூனியக்காரிச் சிரிப்பு, இதையெல்லாம் பதிவோட கடைசியில வைங்க. முதல்ல எடுத்தா மிச்சம் முழுக்கத் தொண்டை கரகரக்கும். பதிவுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி. மைக் முன்னால வந்து மடமடன்னு குடிச்சா வயித்துச் சத்தம்தான் வரும். அன்னிக்கு ஆற்காடு மக்கன் பேடா வேண்டாம், ஜீராவுல வாய் பிசுபிசுத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் "ட்ச்"னு எச்சில் சத்தம் பதியும். ஒரு துண்டு ஆப்பிள் கடிச்சா அது குறையும். தொண்டை கட்டினா ரகசியக் குரல்ல பேசறது ஓய்வு ஆகாது, சும்மா இருக்கிறதுதான் ஓய்வு. கரகரப்பு ரெண்டு மூணு வாரம் தாண்டி நின்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டணும். சிஎம்சி ஆஸ்பத்திரியில அந்தப் பிரிவு இருக்கு, வேலூர்க்காரங்களுக்கு வேற ஊர் தேட வேண்டியதில்ல.

ஒலிப்பெட்டி

வீட்டுப் பதிவு என் பக்கம்.

இடம்: துணி நிறைய தொங்குற பீரோ மூலை, இல்லன்னா படுக்கையறை. கை தட்டிப் பாருங்க, "டங்"னு வால் வந்தா அந்த இடம் ஆகாது. ரெண்டு மெத்தையை ஒரு மூலையில நிறுத்தி, பேசறவங்க மெத்தைக்கு முதுகு காட்டி, மைக் அவங்களைப் பாத்து. மைக்குக்குப் பின்னால இருக்கிற வெறும் சுவரைவிட, பேசறவங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற சுவர்தான் அதிகம் கெடுக்கும். ஏன்னா மைக்கோட காது இருக்கிறது அந்தப் பக்கம். நிறைய பேர் இதைத் தலைகீழாச் செய்றாங்க. மொட்டைக் கூரை எதிரொலிச்சா தலைக்கு மேல ஒரு கம்பளி.

மைக் வாய்க்கு 15லேர்ந்து 20 சென்டிமீட்டர். நேரா வேண்டாம், 30 டிகிரி ஒதுக்கி வைங்க. ப, ப்ப வர்ற இடத்துல காத்து அடிக்காது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ), வேவ் கோப்பு. ஆடாசிட்டிங்கிற பதிவு சாஃப்ட்வேர் இலவசம், அது போதும். சாதாரணப் பேச்சோட உச்சம் சாஃப்ட்வேர் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் பக்கம், கத்துறது மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. கத்துற வரிக்கு அளவைக் குறைச்சுத் தனியா எடுங்க, இல்லன்னா பழைய ரேடியோ சொன்ன மாதிரி ரெண்டடி பின்னால போய் முகத்தைத் திருப்பணும்.

நம்ம ஊர்ப் பிரச்சனை வெயில். மே மாசம் ஃபேன் இல்லாம அறையைச் சாத்திட்டு உக்கார முடியாது, ஃபேன் ஓடினா இறக்கை சுத்துறது குரல்ல அலையடிக்கும், அதைப் பின்னால எந்தச் சாஃப்ட்வேரும் சுத்தமா எடுக்காது. வழி ஒண்ணுதான்: விடியக்காலை நாலரைலேர்ந்து ஆறு. கோயில், மசூதி ஒலிபெருக்கி நேரம் எதுன்னு உங்க தெருவுக்குத் தெரியும், அதைத் தள்ளி வைங்க. அஞ்சு நிமிஷம் பதிவு, அணைச்சிட்டு ஃபேன், திரும்ப அஞ்சு. லேப்டாப்பை சார்ஜர்லேர்ந்து கழட்டிடுங்க. "ம்ம்ம்"னு 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தா முக்கால்வாசி அதனாலதான், கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப இன்னும் மோசம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால 10 விநாடி யாரும் பேசாம வெறும் அறையைப் பதிங்க. அது மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழ இருந்தா நல்ல அறை.

வளையல், கொலுசு, கஞ்சி போட்ட பாவாடை வேண்டாம். கை அசைச்சு நடிக்கணும், ஆனா சத்தம் வரக் கூடாது. பழைய பருத்தி பனியன் மாதிரி எதுவும் வராது.

காட்பாடி பாலா

முட்டை அட்டை ஒட்டினா போதும்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றானுங்களே?

ஒலிப்பெட்டி

ஒட்டாதீங்க. மெல்லிசு அட்டை, மேல் அலைவரிசையைக் கொஞ்சம் கலைக்கும், பேச்சோட கனமான பகுதி அப்படியே எதிரொலிக்கும். விளைவு அறை இன்னும் டப்பா மாதிரி கேக்கும். சத்தம் வெளியிலேர்ந்து வர்றதையும் தடுக்காது. தீப்பிடிச்சா பரபரன்னு ஏறும். பழைய பஞ்சு மெத்தை இருக்கிற வீட்ல முட்டை அட்டைக்கு என்ன வேலை?

சத்துவாச்சாரி மீனா

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஃபோரே லிப் சிங்க், அதாவது படத்துல வாய் அசையுறதுக்கு ஏத்த மாதிரி பேசுறது, பண்ணாங்களா? இங்க தமிழ் கார்ட்டூன்னா வெளிநாட்டுப் படத்துக்கு டப்பிங் தானே அதிகம். அவங்க வழி நமக்குப் பொருந்துமா?

பழைய ரேடியோ

அமெரிக்கக் கார்ட்டூன்ல குரல் முதல், படம் பின்னால. நடிகர் பேசினதைக் கேட்டு ஓவியர் வாயை வரைவார். அதனால ஃபோரேவுக்கு நேரம் சொந்தம், இழுக்கலாம், நிறுத்தலாம். டப்பிங்ல நேரம் படத்தோடது. அந்த அளவுல வித்தியாசம் பெருசுதான்.

டப்பிங் நாற்காலி

பெருசு, ஆனா நடிப்பு வந்துட்டா ஒத்திசைவு கத்துக்கிறது சில மாசம். மாத்திச் செஞ்சா வாய் பொருந்தும், பாத்திரம் செத்துக் கிடக்கும். நிறைய தமிழ் டப்பிங் அப்படித்தான் கேக்குது, யாரும் கோவிச்சுக்காதீங்க.

வேலை வரிசை இது. காட்சியை முதல்ல சத்தத்தோட ஒரு தடவை பாருங்க, மூல நடிகர் எங்க மூச்சு எடுக்கிறார்னு. ரெண்டாவது தடவை சத்தத்தை அணைச்சிட்டு வாயை மட்டும். தாள்ல வாய் திறக்கிற இடம், நடுவுல மூடுற இடம், முடியுற இடம், மூணுக்கும் கோடு. கார்ட்டூன்ல வாய் வடிவங்களே கொஞ்சம்தான், அதனால ஒவ்வொரு எழுத்தும் பொருந்த வேண்டியதில்ல. ஆரம்பமும் முடிவும் பொருந்தணும், நடுவுல நிறுத்தம் பொருந்தணும், உதடு மூடுற இடத்துல ப, ம வந்தா நல்லது. விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடுற படத்துல ஒரு ஃப்ரேம் 0.04 விநாடி. ரெண்டு மூணு ஃப்ரேம் தள்ளிப் போனா கண்ணு மன்னிக்கும், அதுக்கு மேல மன்னிக்காது. சில இடத்துல காதுல மூணு பீப் வரும், நாலாவது பீப் வரவேண்டிய இடத்துல நீங்க ஆரம்பிக்கணும்.

பேச்சு நீளமாயிட்டா வேகமாப் பேசாதீங்க, வசனத்தைக் குறைக்கக் கேளுங்க. "எனக்குத் தெரியவில்லை" எட்டு அசை, "தெர்ல" ரெண்டு. வினையிலேயே ஆள் தெரியுது, நான் நீ எல்லாம் பாதி இடத்துல தேவையில்ல. காதுல மூலக் குரல் ஓடிக்கிட்டே இருந்தா அதோட ராகம் தமிழ்ல ஒட்டிக்கும். கேள்வி கேக்கிறப்ப தமிழ்ல யாரும் அப்படி ஏத்திப் பேச மாட்டாங்க. ஒரு தடவை கேட்டுட்டு ஹெட்ஃபோனைக் குறைச்சிடுங்க.

வீட்ல பழக, ரெண்டு நிமிஷக் காட்சி ஒண்ணு போதும். அதையே எல்லாப் பாத்திரமும் நீங்களே பேசி முடிங்க. ராக்கி, நடாஷா பழக்கம் அங்கதான் வரும்: ஒரு பாத்திரத்தோட கடைசி அசைக்கும் அடுத்த பாத்திரத்தோட முதல் அசைக்கும் நடுவுல குரல் கலங்குதான்னு திருப்பிக் கேளுங்க. கலங்கினா மூச்சு எடுக்கிற இடம் தப்பு, புது ஆளோட மூச்சை எடுத்துட்டுப் பேசணும்.

பாலாறு வக்கீல்

12 வயசுன்னு சொல்றதால சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல வந்த திருத்தப்படி பள்ளிப் படிப்பு பாதிக்காத வரைக்கும் குழந்தைக் கலைஞரா வேலை செய்யலாம். 2017 விதிகள்ல நிபந்தனை இருக்கு: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வில்லாமத் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல கூடாது, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல வைப்புத்தொகையா வங்கியில போடணும், குழந்தைக்கு விருப்பம் இல்லாம ஈடுபடுத்தக் கூடாது. வேலை நடக்கிற மாவட்டத்தோட ஆட்சியர்கிட்ட அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர், நீங்க இல்ல. மெட்ராஸ் ஸ்டூடியோன்னா வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு அலையாதீங்க. "அனுமதி எடுத்தாச்சா?"ன்னு கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்துல பிள்ளையை விடாதீங்க.

சத்துவாச்சாரி மீனா

இது யாருமே சொன்னதில்ல சார், நன்றி. மெட்ராஸுக்கு எப்பப் போறது, என்ன கொண்டு போறது?

டப்பிங் நாற்காலி

முதல்ல ஒரு வருஷம் கார்ட்ரைட் வழி. வாரம் ஒரு பக்க வசனம், பதிவு பண்ணி நடிப்பு தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்பி, அவர் குறிப்பு எழுதணும், அதே வசனத்தைத் திருத்திப் பேசி அடுத்த வாரம் அனுப்பணும். வாட்ஸ்அப்ல குரல் செய்தியா அனுப்பாதீங்க, அது சத்தத்தை நசுக்கிடும். கோப்பா, டாக்குமென்ட்னு போட்டு அனுப்புங்க. ஊர்ல நாடகம், பள்ளி மேடை, சமுதாய வானொலி எது கிடைச்சாலும் விடாதீங்க.

அப்புறம் மாதிரிப் பதிவு ஒண்ணு: 60லேர்ந்து 90 விநாடி, அஞ்சாறு பாத்திரம், ஆளுக்கு 10லேர்ந்து 15 விநாடி. முதல்ல சொந்தக் குரல்ல கதை சொல்றது, ரெண்டாவது அதுக்கு நேர் எதிர்க் குரல். முன்னால பின்னணி இசை, "வணக்கம் என் பேர்" எதுவும் வேண்டாம், கேக்கிறவர் 10 விநாடியில முடிவு பண்ணிடுவார். டிவியில ஓடுற பிரபலக் கார்ட்டூனைக் காப்பி அடிச்சுப் போடாதீங்க, அந்தக் குரலுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. கோப்புப் பேர்ல பேர், வயசு, ஊர்.

தேர்வு அன்னிக்குக் காட்பாடியில ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி காலை வண்டி, ரெண்டு மணி நேரத்துச் சொச்சத்துல சென்ட்ரல். அங்கேர்ந்து மெட்ரோவுல நேரா வடபழனி, ஸ்டூடியோ பாதி அந்தச் சுத்துவட்டாரம்தான். ஜன்னலோரத்துல உக்கார வைக்காதீங்க, காத்தடிச்சுத் தொண்டை காஞ்சுடும். வண்டிச் சத்தத்துக்கு மேல கத்திப் பேசவும் விடாதீங்க. சினிமாவுக்குப் பேசணும்னா டப்பிங் யூனியன் அட்டை கேப்பாங்க. அதோட விதியும் கட்டணமும் நேரா யூனியன் ஆபீஸ்லயே கேளுங்க, நடுவுல வர்ற ஆள்கிட்ட ஒரு ரூபா குடுக்காதீங்க.

காட்பாடி பாலா

பழைய ரேடியோ சார், ஃபோரே எவ்ளோ நாள் வேலை செஞ்சாங்க? ரிட்டையர் எப்போ?

பழைய ரேடியோ

ரிட்டையரா? 1998-ல 'முலான்' பாட்டி பேசினாங்க. 2012-ல கார்ஃபீல்டு தொடர்ல ஒரு சூனியக்காரிக்காக எம்மிங்கிற அமெரிக்க டிவி விருது, அப்ப வயசு 94. ஆனி விருதுன்னு அனிமேஷனுக்குத் தனி விருது 1972-ல ஆரம்பிச்சதுல அவங்க கை இருக்கு. முழுநீள அனிமேஷனுக்கு ஆஸ்கர்ல தனிப் பிரிவு வேணும்னு பல வருஷம் நெருக்கினவங்கள்ல ஒருத்தர், 2001-ம் வருஷப் படங்களுக்குத்தான் அது முதல்ல வந்துச்சு. 2017 ஜூலை 26-ல காலமானாங்க, 99.

நடுவுல ஒண்ணு விட்டுட்டேன். மேட்டல் கம்பெனியோட கயிறு இழுத்தா பேசுற பொம்மை சாட்டி கேத்திக்குக் குரல் இவங்கதான். 1963-ல டிவி தொடர் ஒண்ணுல ஆளை மிரட்டுற பொம்மைக்கும் இவங்களைத்தான் கூப்பிட்டாங்க. சுருதி கிட்டத்தட்ட ஒண்ணு, இனிப்பும் ஒண்ணு. மாறினது வரியோட கடைசி அசையில நிக்கிற நேரம் மட்டும். மீனாம்மா, பொண்ணுகிட்ட "நான் உன்கூட விளையாட வரட்டுமா?"ன்னு ஒரு வரியைக் குடுத்து, சுருதி மாத்தாம ஒரு தடவை கொஞ்சவும் ஒரு தடவை பயமுறுத்தவும் சொல்லுங்க. அந்தப் பதிவை இங்க போட்டா நாற்காலி குறிப்பு எழுதுவார்.

டப்பிங் நாற்காலி

எழுதறேன். வேவ் கோப்பா போடுங்க. ஒலிப்பெட்டி சொன்ன 10 விநாடி வெறும் அறையும் முன்னால இருக்கட்டும்.